ஹீட்டர் எரிகிறது, தண்ணீர் சுடவில்லை: மலைநாட்டு ஆமைத் தொட்டிக் கோளாறுகள்

கொழும்பில் ஆமைக்குஞ்சை விற்றவர், "ஹீட்டர் எல்லாம் தேவையில்ல தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கொழும்பில் ஒரு வாளித் தண்ணீரைக் காம்பராவில் வைத்தால் இரவிலும் 26, 27 டிகிரியில் தானாக நிற்கும். அதே குஞ்சு என் மகளின் மடியில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்தது; ஒரு கிழமைக்குள் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. தொட்டிக்குள் கை வைத்துப் பார்த்த என் அம்மா, "பீலித் தண்ணி மாதிரி இருக்கேடா, இதுல எப்படி அது திங்கும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் நான் வெப்பமானி வாங்கினேன்.

நான் டவுனில் மின்சாரச் சாமான் திருத்தும் கடை வைத்திருப்பவன். வீட்டில் ஆமை இருக்கிற கதை பரவியதும் மீன் தொட்டி ஹீட்டர்கள் என் மேசைக்கு வரத் தொடங்கின. "வேலை செய்யல அண்ணே" என்று கொண்டு வருவதில் பாதிக்கு மேல் நல்ல ஹீட்டர்கள். கோளாறு தொட்டியிலோ காம்பராவிலோ இருக்கும், பழி ஹீட்டருக்கு. ஆகவே ஹீட்டரைக் கழற்றும் முன் கீழே உள்ளதில் உங்கள் வீட்டு அறிகுறி எது என்று பாருங்கள்.

இங்கே சொல்வது கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமைக்கு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம் அது. வயலிலும் குளத்திலும் அகப்படும் பாலாமையையோ தரையில் வாழும் நட்சத்திர ஆமையையோ பிடித்து வைத்திருந்தால் தொட்டியின் வெப்பநிலை உங்கள் பிரச்சினையே இல்லை. அவை வனசீவராசிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, வீட்டில் வைக்கக் கூடாது. சிவப்புக் காது ஆமையை எக்காரணம் கொண்டும் ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ விடவும் கூடாது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

அளவுகள் எல்லாம் செல்சியஸ். குஞ்சுக்குத் தண்ணீர் 26 முதல் 28. உள்ளங்கை அளவைத் தாண்டி வளர்ந்ததற்கு 24 முதல் 26 போதும். ஏறிக் காயும் கல்லின் மேற்பரப்பு 32 முதல் 35. கல்லுக்கு மேலே தொங்கும் சூட்டு விளக்கு பகலில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் மட்டும், தண்ணீர் ஹீட்டர் இரவும் பகலும்.

"குளிருக்கு ஆமை தூங்கும்தானே, விட்டுட வேண்டியதுதானே" என்று ஒருவராவது சொல்வார். தூங்க வேண்டுமானால் அதற்குத் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போய், வாரக்கணக்கில் அப்படியே நிற்க வேண்டும். நம் காம்பராவின் 15, 18 டிகிரி ரெண்டுங்கெட்டான் குளிர். தூங்கவும் விடாது, தின்றதைச் செரிக்கவும் விடாது. உடலின் எதிர்ப்புச் சக்தி மட்டும் மெதுவாக இறங்கும். ஆமை சாவதில்லை, அதனால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். இரண்டு மாதம் கழித்து மூக்கில் நுரை வரும்.

முதலில் மூன்று அளவுகள்

நாளை விடியற்காலை, பெரட்டுக்குப் போகிறவர்கள் எழும்பும் நேரத்தில் எழுந்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தண்ணீரின் வெப்பநிலை, காம்பராவின் வெப்பநிலை, ஹீட்டரின் சிறு விளக்கு எரிகிறதா இல்லையா. பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்த அளவை என்னிடம் சொல்லாதீர்கள். நண்பகலில் தகரக் கூரை சூடாகி எல்லாத் தொட்டியும் நல்ல தொட்டியாகத் தெரியும்.

இந்த மூன்றும் கையில் இருந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

விளக்கு விடிய விடிய எரிகிறது, தண்ணீர் ஏறவில்லை

மலைநாட்டில் அதிகம் காணும் அறிகுறி இதுதான். ஹீட்டர் நன்றாக இருக்கிறது, தன்னால் முடிந்ததைச் செய்கிறது. தொட்டி இழக்கும் வெப்பம் அதன் பலத்துக்கு மேல். ஹீட்டர் பெட்டியில் "50 லீட்டருக்கு 50 வாட்" என்று அச்சடித்திருப்பது சூடான வீட்டுக்காரனுக்கு எழுதியது. ஹீட்டருக்குத் தேவையான பலம், தண்ணீருக்கும் காம்பராவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கொழும்பில் அந்த வித்தியாசம் ஒன்றோ இரண்டோ. ஹட்டனில் டிசம்பர் விடியலில் பதினொன்று.

எங்கள் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். இரண்டடித் தொட்டி: 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், தண்ணீர் 22 உயரம். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 40 லீட்டர். 50 வாட் ஹீட்டர். காம்பரா 15 டிகிரி, விளக்கு இரவு முழுக்க எரிந்தும் தண்ணீர் 20. அதாவது 50 வாட்டால் 5 டிகிரிதான் தூக்க முடிந்தது. எனக்கு வேண்டியது 26, அதாவது 11 டிகிரி. 11 ஐ 5 ஆல் வகுத்து 50 ஆல் பெருக்கினால் 110 வாட். இந்தக் கணக்கைப் பெட்டி சொல்லாது. உங்கள் தொட்டிதான் சொல்லும். ஒரே ஒரு நிபந்தனை, ஹீட்டர் போட்டு ஒரு நாளாவது கழிந்திருக்க வேண்டும். 40 லீட்டரை 10 டிகிரி ஏற்ற, ஒரு துளி வெப்பமும் வெளியே போகாவிட்டாலும், 50 வாட்டுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். போட்டு இரண்டு மணித்தியாலத்தில் கை வைத்துப் பார்த்துக் கடைக்கு ஓடி வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

உடனே 150 வாட் வாங்கப் போகாதீர்கள். 100 வாட் நாள் முழுக்க எரிந்தால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். வீட்டுக் கட்டணம் 60, 90 என்று படி தாண்டும் நாட்டில் ஆமைக்காக மட்டும் அவ்வளவு கட்ட முடியாது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

பெரிய ஓட்டை மேலே இருக்கிறது. ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது அது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், எங்கள் 40 லீட்டரை 14 டிகிரி ஏற்றப் போதுமானது. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தால் ஹீட்டரின் உழைப்பு எங்கே போனது என்று தெரிந்துவிடும். தண்ணீரின் மேல் மூடி போடுங்கள். கல்லும் விளக்கும் இருக்கும் பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். எங்கள் வீட்டில் பழைய ஜன்னல் கண்ணாடி ஒரு துண்டு, ஓரத்தை உரைத்து எடுத்தது. முழுவதையும் இறுக்கி மூடினால் உள்ளே காற்றுப் புழுங்கும், ஆமையின் நெஞ்சுக்கு அதுவும் ஆகாது.

அடுத்தது கீழே. லயத்துக் காம்பராவின் சீமெந்துத் தரையிலோ கொங்கிரீட் தட்டிலோ நேரே வைத்த தொட்டி இரவு முழுக்கத் தரையைச் சூடாக்கிக்கொண்டு இருக்கிறது. மீன் கடையில் ரிஜிபோம் பெட்டி (ஐஸ் மீன் வரும் வெள்ளை நுரைப் பெட்டி) கேளுங்கள், சும்மாவே தருவார்கள். நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்து, தட்டையாக வெட்டி அடியில் ஒன்று, பின்னால் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. எல்லாம் தொட்டிக்கு வெளியே. உள்ளே போட்டால் ஆமை கடித்துத் தின்னும். விளக்கிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும், ரிஜிபோம் தீயில் பற்றும். (முதல் நாள் மீன் நாற்றத்துக்கு ஊர்ப் பூனை எல்லாம் எங்கள் இஸ்தோப்பில்தான் படுத்தது. சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவுங்கள்.)

மூடியும் ரிஜிபோமும் வந்த மறுநாள், அதே 50 வாட், அதே 15 டிகிரிக் காம்பரா: தண்ணீர் 23.5. ஐந்து டிகிரி தூக்கியது எட்டரை தூக்குகிறது. இப்போது கணக்கு 65 வாட் என்று வந்தது. இன்னொரு 50 வாட் வாங்கி மறு மூலையில் போட்டேன். ஒரே 100 வாட்டை விட இரண்டு 50 எனக்குப் பிடிக்கும். ஒன்று செத்தால் மற்றது ஆமையைக் காப்பாற்றும். ஒன்று நிற்காமல் எரிந்தாலும் 50 வாட்டால் தொட்டியை அவிக்க முடியாது. இதே தொட்டி 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் இருந்து, காம்பரா 10 டிகிரிக்கு இறங்கினால், 16 டிகிரி தூக்க 94 வாட் வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி பிடிக்கிற இரவில் இரண்டு ஹீட்டரும் ஓயாது. பதுளையிலோ கண்டியிலோ இருப்பவருக்கு ஒன்றே போதும்.

விளக்கு அணைந்திருக்கிறது, தண்ணீரோ குளிர்

ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை மட்டும்தான் அறியும். அசையாத தண்ணீரில் ஹீட்டரைச் செங்குத்தாக மூலையில் நிறுத்தினால் அதைச் சுற்றி ஒரு சூட்டுத் தூண் நிற்கும். அது "போதும்" என்று அணைந்துவிடும், மறு மூலையில் ஆமை குளிரில் கிடக்கும். கையை இரண்டு மூலையிலும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரிந்தால் இதுதான். ஹீட்டரைக் கிடையாக, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், ஃபில்டரின் தண்ணீர் பாயும் வழியில் வையுங்கள். முழுக்க மூழ்கலாம் என்று எழுதிய ஹீட்டர்தானா என்று முதலில் பார்க்கவும். சிலவற்றின் தலை தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும், அவற்றில் கோடு போட்டிருக்கும்.

தண்ணீர் எங்கும் ஒரே அளவு, ஆனாலும் குறைவு என்றால் ஹீட்டரில் சூட்டை அமைக்கும் திருகியின் இலக்கத்தை நம்பியிருக்கிறீர்கள். மலிவான ஹீட்டர்களில் 26 என்று திருகினால் 23 இலும் நிற்கும், 29 இலும் நிற்கும். வெப்பமானியைப் பார்த்து ஒரு டிகிரி ஏற்றுங்கள், ஒரு நாள் பொறுங்கள், மறுபடி பாருங்கள். சரியான இடம் வந்ததும் நான் திருகியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன், மகளின் போத்தலில் இருந்து.

விளக்கு ஒருபோதும் எரிவதில்லை என்றால் வேலை சுலபம். திருகியை மேலே ஏற்றுங்கள். எரிந்தால் ஹீட்டர் நல்லது. எரியாவிட்டால் அதே பிளக் பொயிண்டில் ஃபோன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் ஐந்து அம்பியர் வட்டக் கால், பதின்மூன்று அம்பியர் சதுரக் கால் எல்லாம் ஒரே வீட்டில் கலந்து கிடக்கின்றன. இடையில் செருகும் அடப்டர்தான் பல நேரம் குற்றவாளி. செருகும்போது சரசரவென்று சத்தம், பிளாஸ்டிக்கில் கருப்பு, தொட்டால் சூடு: எதுவானாலும் அடப்டரை எறிந்துவிட்டு பிளக்கை மாற்றுங்கள்.

இரண்டு வெப்பமானி, இரண்டு கதை

கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டும் பட்டை பாதி தண்ணீரையும் பாதி காம்பராவையும் சொல்லும். குளிர் ஊரில் அது இரண்டு மூன்று டிகிரி குறைத்துக் காட்டும். தண்ணீருக்குள் வைக்கும் கண்ணாடிக் குழாயோ, வயர் நுனி மூழ்கும் டிஜிட்டலோ வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி உதவாது, அது 32, 35 இலிருந்துதான் தொடங்கும்.

சரிபார்க்க, ஐஸைப் பொடியாக உடைத்துக் கோப்பை நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் கலக்கி நுனியை வையுங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். ஒன்று காட்டினால் இனி எல்லா அளவிலும் ஒன்றைக் கழியுங்கள். கொதிநீரில் 100 பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தொட்டி வெப்பமானி வெடித்துவிடும். அது ஒருபுறம் இருக்க, நம் ஊரில் தண்ணீர் 100 இல் கொதிப்பதே இல்லை. நுவரெலியாவில் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும்.

பல்பு எரிகிறது, கல் சுடவில்லை

அம்மா சொன்ன யோசனை எளியது: "கோழிக்குஞ்சுக்குப் பல்பு போடுற மாதிரி போடு." யோசனை சரி, பல்பு மாறிவிட்டது. கோழிக்குஞ்சைக் காப்பாற்றியது பழைய குண்டு பல்பு. அது தின்ற கரண்டில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் விட்டது. இன்றைக்கு வீட்டில் இருக்கும் ஒன்பது வாட் எல்.ஈ.டி. காம்பராவையே வெளிச்சமாக்கும், கல்லைச் சூடாக்காது. குண்டு பல்போ, ஹலோஜன் ஸ்பொட் பல்போ தேடுங்கள். 40 அல்லது 50 வாட் போதும். சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ விளக்கின் உயரத்தை மாற்றுங்கள். கல்லின் மேல் வெப்பமானியை அரை மணித்தியாலம் படுக்க வைத்துப் பார்த்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். பீங்கான் பிடி பாவியுங்கள், பிளாஸ்டிக் பிடி உருகும். தண்ணீர் தெறித்தால் சூடான பல்பு பட்டென்று உடையும் என்பதால் ஆமை குதிக்கும் திசைக்கு நேரே தொங்கவிடாதீர்கள்.

யூ.வி.பி. (புற ஊதாக் கதிர்) விளக்கு வேறு சாமான். அது ஓட்டுக்கும் எலும்புக்கும், சூட்டுக்கு இல்லை. கண்ணாடி மூடிக்கு மேலே வைத்தால் பலன் ஆமையிடம் வராது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நல்ல வெயில் அடிக்கும் நாளில் ஒரு பேசினில் நிழலும் தண்ணீரும் வைத்து வெளியே அரை மணித்தியாலம் விடுவது எந்த விளக்கையும் விட மேல். காகத்துக்கும் நாய்க்கும் ஆள் காவல் இருக்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் மூடுபனி நிற்கிற தென்மேற்குப் பருவத்தில் வெயிலை நம்பி விளக்கை நிறுத்தாதீர்கள்.

கல்லை விட்டு இறங்குவதில்லை. அல்லது ஏறுவதே இல்லை

இறங்காத ஆமைக்குத் தண்ணீர் குளிர். ஏறாத ஆமைக்குத் தண்ணீரே 29, 30 டிகிரியில் இதமாக இருக்கிறது, அல்லது கல் சுடுகிறது, அல்லது கல் வழுக்குகிறது. புதிதாக வந்த குஞ்சு ஆள் இருக்கும்போது பயத்தில் ஏறாது, கதவிடுக்கால் பாருங்கள்.

தண்ணீர் மாற்றிய நாளெல்லாம் சுருண்டு கிடக்கிறது

பீலியில் பிடித்த தண்ணீர் காலையில் 15 டிகிரி. அதை அப்படியே ஊற்றிவிட்டு "ஹீட்டர் பார்த்துக்கொள்ளும்" என்று விடுவது, மார்கழியில் குழந்தையை ஓடையில் முக்கிவிட்டுப் போர்வையைக் கொடுக்கிற கதை. புதுத் தண்ணீரை வெளியே வாளியில் வைத்தே அளவுக்குக் கொண்டுவாருங்கள். எட்டரை லீட்டர் பீலித் தண்ணீருக்கு ஒன்றரை லீட்டர், அதாவது ஒரு கேத்தலுக்குச் சற்றுக் குறைவான, கொதிநீர். கலக்கிப் பார்த்தால் 26, 27 வரும். ஆமை உள்ளே இருக்கும்போது தொட்டிக்குள் கொதிநீர் ஊற்றவே கூடாது. அந்த வாளி ஆமைக்கென்றே தனியாக இருக்கட்டும், குசினியில் கழுவ வேண்டாம். ஆமையின் உடம்பில் சல்மொனெல்லாக் கிருமி நோயில்லாமலே இருக்கும். அமெரிக்காவில் 1975 இல் நான்கு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்கவே தடை போட்டது குழந்தைகளுக்கு அது தொற்றியதால்தான். சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டே சோற்றில் கை வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் அம்மாதான் பொலிஸ்.

இன்னொன்று, தண்ணீரை இறைக்கும் முன் ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி இருபது நிமிடம் விடுங்கள். என் மேசைக்கு வந்த உடைந்த ஹீட்டர்களில் அதிகமானவை, தண்ணீர் இறங்கி வெறுங்காற்றில் கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடியில் குளிர் தண்ணீர் பட்டு வெடித்தவை. மிச்சம் ஆமை முட்டி உடைத்தவை. துளையிட்ட பிளாஸ்டிக் கூடு விற்கிறது, ஆமைத் தொட்டிக்கு அது இல்லாமல் கண்ணாடி ஹீட்டர் போடாதீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

தண்ணீருக்குள் கையை விடாதீர்கள். முதலில் தொட்டிக்குப் போகும் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். ட்ரிப் சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான். ஹீட்டர் என்றால், பிளக்கைக் கழற்றி எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். குழாயின் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரோ, பனி படர்ந்தது போல மங்கலோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். சிலிக்கோன் பூசி ஒட்டித் தரச் சொல்லி வருகிறார்கள். நான் செய்வதில்லை, வேறு யாரும் செய்து தந்தாலும் வாங்காதீர்கள்.

ஹீட்டர் நல்லதென்றால் பிளக்கைப் பாருங்கள். மூடியில் கட்டும் வியர்வை வயர் வழியே இறங்கி பிளக்குக்குள் போயிருக்கும். வயர் பிளக் பொயிண்டை விடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறிச் செருக வேண்டும். சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். ட்ரிப் சுவிட்சே இல்லாத பழைய லயக் காம்பராவில் தண்ணீருக்குள் ஹீட்டர் போடாதீர்கள். ஆமையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம்.

தண்ணீர் கொதிக்கப் பார்க்கிறது

வெப்பமானி 32, 33 காட்டுகிறது, ஹீட்டர் விளக்கு இன்னும் எரிகிறது. தெர்மோஸ்டாட்டின் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிளக்கைக் கழற்றுங்கள், ஆமையை 27 டிகிரி அளவில் தண்ணீர் கலந்த பேசினுக்கு மாற்றுங்கள், தொட்டி தானாக ஆறட்டும். ஐஸ் போட வேண்டாம். அந்த ஹீட்டரைத் தட்டினால் மறுபடி வேலை செய்யும், நாலு நாளில் மறுபடி ஒட்டும். தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் வைத்து அதன் வழியே ஹீட்டருக்குக் கரண்ட் கொடுத்தால் இரண்டு காவல். வெறும் கருவியாக விற்பதை வயரிங் தெரிந்தவர்தான் பெட்டிக்குள் பொருத்த வேண்டும், பின்பக்கம் திறந்த ஸ்க்ரூக்களில் 230 வோல்ட் நிற்கும்.

விளக்கு அணைந்திருந்தும் சூடு ஏறுகிறதென்றால் ஜன்னலைப் பாருங்கள். மலைநாட்டு வெயில் குளிராகத் தெரிந்தாலும் கண்ணாடித் தொட்டிக்குள் புகுந்தால் சுடும்.

கரண்ட் போய்விட்டது

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதைப் பார்த்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்து நாடு முழுக்கக் கரண்ட் போனபோது நல்ல குளிர் காலம். என் மகள் குரங்கைத் திட்டினாள். தொட்டிக்குக் கம்பளி போர்த்தியது அவளின் அப்பாயி, என் அம்மாதான்.

மூடியும் ரிஜிபோமும் உள்ள 40 லீட்டர் மெதுவாகத்தான் ஆறும், பதற வேண்டாம். ஆமைக்கு மெதுவான இறக்கம் அவ்வளவு கெடுதி இல்லை, திடீர் மாற்றம்தான் கெடுதி. திறந்த பக்கத்தையும் சேர்த்துக் கம்பளியால் மூடுங்கள், விளக்கு அணைந்து ஆறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. ஓரத்தில் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். நீளமான வெட்டு என்றால் விறகடுப்பில் வெந்நீர் வைத்து, இறுக்கி மூடிய போத்தல்களில் அடைத்து மிதக்க விடலாம். ஆமையால் தள்ளிப் போக முடிகிற இடம் இருக்கட்டும். மூடிய காம்பராவுக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள், அந்தப் புகையில் ஆமைக்கு முன் நீங்கள் போய்விடுவீர்கள். தண்ணீர் 20 க்குக் கீழே போனால் அன்றைக்குச் சாப்பாடு போட வேண்டாம். தின்றது குடலிலேயே கிடந்து கெடும். கரண்ட் வந்த பிறகு, சூடு பழைய அளவுக்கு ஏறி ஒரு நாள் கழித்துக் கொடுங்கள்.

மூக்கில் குமிழி, ஒரு பக்கம் சாய்ந்து நீந்துகிறது

இங்கே ஹீட்டரோடு என் வேலை முடிந்தது. மூக்கில் நுரை, வாயைத் திறந்து திறந்து மூச்சு, ஒரு பக்கம் மிதந்து மறு பக்கம் தாழ்ந்த நீச்சல் எல்லாம் நெஞ்சுச் சளியின் அடையாளங்கள். தண்ணீரை 27, 28 இல் வைத்து, தலையை எளிதாக வெளியே நீட்ட முடிகிற அளவுக்கு ஆழத்தைக் குறைத்து, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கிற மனிதர் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தால் விற்றமின் ஏ குறைவாகவும் இருக்கலாம், அதையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் பிரதேச அரச மிருக வைத்தியருக்கு மாடு, ஆடு, நாய் பழக்கம், ஆமை பழக்கம் இல்லாமல் இருக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

ஹட்டனிலிருந்து கொண்டுபோவதாயிருந்தால் தண்ணீரில் வைத்துத் தூக்க வேண்டாம். மூடியில் துளையிட்ட ரிஜிபோம் பெட்டி, அடியில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாய், ஒரு மூலையில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல். விடியற்காலை பஸ்ஸில் கினிகத்தேனை வரை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். நாவலப்பிட்டி தாண்டிக் கம்பளைக்கு இறங்கும்போது வெக்கை ஏறும். அப்போது போத்தலை வெளியே எடுத்துவிட்டு, மூடியை ஒரு விரல் திறந்து வையுங்கள்.